ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு வரலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தார் போட்ட ஈரம் காய்வதற்குள் தெருவை மறுபடி வெட்டுகிறார்கள் என்ற புகார் உங்கள் வாசகர் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. ‘துறைகளுக்குள் ஒருங்கிணைப்பு இல்லை’ என்று ஒரே வரியில் தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். கூட்டங்களுக்குக் குறைவே இல்லை. மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் உட்காருகிறார்கள். கையில் அளவோ வரைபடமோ இல்லாததால் வந்த வழியே எழுந்து போகிறார்கள்.

ஒரு தெருவில் 400 மீட்டர் மழைநீர் வடிகால் கட்டும் வேலையை எடுத்துக்கொள்வோம். மாநகராட்சி, குடிநீர் வாரியம், மின்வாரியம், இன்டர்நெட் கேபிள்காரர்கள், போக்குவரத்துப் போலீஸ், ஒப்பந்ததாரர் எல்லோரும் வர வேண்டும். அழைப்பில் ‘வடிகால் பணி முன்னேற்றம் – ஆய்வு’ என்றிருக்கும். இதைப் படித்துவிட்டு யார் எதைக் கொண்டுவருவார்? அதையே, ‘120-ஆவது மீட்டரில் உள்ள பில்லர் பாக்ஸை (தெருவோர மின் விநியோகப் பெட்டி) நகர்த்துவதா, வடிகாலை 45 செ.மீ. ரோட்டுப் பக்கம் தள்ளுவதா? நகர்த்துவதென்றால் ஷட்டவுன் (மின்நிறுத்தம்) எந்தத் தேதியில்?’ என்று கேட்டுப் பாருங்கள். மின்வாரிய உதவிப் பொறியாளர் கேபிள் வரைபடத்தை எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார். இப்படி நாலைந்து கேள்விகள் போதும். அதற்கு மேல் போனால் ஒரு மணி நேரத்தில் முடியாது.

செவ்வாய்க்கிழமை கூட்டமென்றால் முந்தைய வியாழனன்றே கேள்விகள் எல்லோர் கைக்கும் போய்விட வேண்டும். வெள்ளியும் சனியும் சோதனைக் குழிக்கு. ஜே.சி.பி. வேண்டாம், கடப்பாரையும் மண்வெட்டியும் போதும். வடிகால் போகும் பாதைக்குக் குறுக்காக, 30 மீட்டருக்கு ஒன்று, தெரு முனையில் கூடுதலாக ஒன்று என்று ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குத் தோண்டினால் உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரிந்துவிடும். சுவரிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம், குழாயின் விட்டம் என்ன என்று குறித்து, டேப்பை வைத்துப் படமும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

‘வரைபடம்தான் இருக்கிறதே’ என்பார்கள். அதை மட்டும் நம்பித் தோண்ட முடியாது. 11 கிலோவோல்ட் உயரழுத்தக் கேபிள் 90 செ.மீ. ஆழத்திலும் தாழ்வழுத்தக் கேபிள் 75 செ.மீ. ஆழத்திலும் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 1255 என்ற இந்தியத் தரநிலை. தார் மேல் தார் போட்டு உயர்ந்த ரோட்டில் அது இன்னும் கீழே கிடக்கும். நடைபாதையைச் சுரண்டிய இடத்தில் ஒரு முழத்திலேயே தட்டுப்படும். கேபிளை அறுத்துவிட்டு அளவைக் கண்டுபிடிப்பதற்குக் குழியின் கூலி எவ்வளவோ மலிவு. தோண்டப்போகும் இடத்தைப் பதிந்தால் அங்கே கேபிள், குழாய் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி, ‘கால் பிஃபோர் யு டிக்’ என்ற செயலியை மத்திய அரசு 2023 மார்ச்சில் தொடங்கியது. அதில் பதிந்த விவரமும் கோப்பில் இருக்கட்டும்.

பெரும்பாலான வேலைகள் சிக்குவது வீட்டு இணைப்புகளில்தான். ஒரு பக்கம் 60 வீடு இருந்தால், தெருவின் நடுவிலுள்ள பாதாளச் சாக்கடைக்குப் போகும் 60 குழாய்கள் வடிகாலைக் குறுக்கே கடக்கும். எந்தக் குழாய் வடிகாலின் அடித்தளத்துக்குக் கீழே போகிறது, எது சுவரைத் துளைக்கிறது என்று லெவல் எடுத்து (உயர அளவு பார்த்து) பட்டியல் போடாமல் கூட்டத்துக்கு வந்தால் பேச ஒன்றுமில்லை. இடிக்கும் குழாய்களை யார் தாழ்த்துவது, செலவு யாருடையது என்ற கேள்வி உடனே எழும். மதிப்பீடு போட்டு, பணம் கட்டச் சொல்லும் கேட்புக் கடிதம் அனுப்பி, பணம் கட்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். அதனால் இதை முதல் கூட்டத்தின் முதல் கேள்வியாக வைக்க வேண்டும். பத்தாவது கூட்டத்தில் ‘இதர விஷயங்கள்’ என்பதன் கீழ் கிளப்பினால், அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு முன்னும் பின்னும் கட்டுவார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவது அந்த இடைவெளியில்தான்.

தேதிக் கணக்கையும் வீட்டிலேயே போட்டுக்கொண்டு வர வேண்டும். கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 தரநிலையின்படி, பக்கச் சுவருக்கு அச்சாக அடித்த பலகையை 16 முதல் 24 மணி நேரத்தில் பிரிக்கலாம். மேல் மூடித் தளத்தின் முட்டுகளை 7 நாளுக்கு முன் தொடக் கூடாது. நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமென்டென்றால் கான்கிரீட் இறுக 10 நாளாவது தண்ணீர் விட வேண்டும். அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை வரும் என்று வைத்து இவற்றைப் பின்னோக்கி எண்ணினால், எந்தத் தேதிக்கு மேல் புதிய பள்ளம் தோண்டக் கூடாது என்பது கிடைத்துவிடும். கூட்டத்தில் சண்டை போட வேண்டியது அந்தத் தேதிக்காகத்தான். எத்தனை மீட்டர் முடிந்தது என்பதைத் தினமும் வாட்ஸ்அப்பில் வரும் படமே சொல்லிவிடும்.

வருகிறவர் யார் என்பதும் முக்கியம். ‘சாரைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்பவரால் ஷட்டவுன் தேதி தர முடியாது. மேலதிகாரியால் வர முடியாவிட்டால், அந்த நாலைந்து கேள்விகளுக்கும் தன் பதிலை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பட்டும்.

கூட்டக் குறிப்பேட்டில் ‘மின்வாரியம் விரைவில் நடவடிக்கை எடுக்கும்’ என்று எழுதுவதும் எழுதாததும் ஒன்று. என்ன வேலை, யார் பொறுப்பு (ஒரே ஒருவர்), எந்தத் தேதிக்குள் என்ற மூன்று கட்டங்கள் வேண்டும். கலைவதற்கு முன் அதை உரக்கப் படித்து, அன்று மாலையே அனுப்பிவிட வேண்டும். டீயை அதற்குப் பிறகு கொடுப்பது நல்லது. டீ வந்துவிட்டால் பாதிப் பேர் போனோடு வெளியே போய்விடுகிறார்கள். அடுத்த கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் பழைய பட்டியலுக்கு. முடியாத வேலைக்குப் புதுத் தேதி கொடுத்தாலும் பழைய தேதியை அழிக்கக் கூடாது. மூன்றாவது தேதியும் தவறினால், யாரையும் கேட்காமல் அந்த வரி மேலதிகாரியின் மேசைக்குப் போக வேண்டும்.

குடியிருப்போர் சங்கங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உங்கள் தெரு தொடர்பான ஒருங்கிணைப்புக் கூட்டக் குறிப்புகளின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பணியையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடவும் அதே சட்டம் இடம் தருகிறது. நகல் கையில் வந்ததும் மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள், தேதி இருக்கிறதா என்று.

இப்படிக்கு,
கட்டுமானத் திட்ட ஒருங்கிணைப்புப் பணியில் உள்ள பொறியாளர்கள் சிலர்