பெயர்ப்பலகையில் பதிவு எண் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றின் ஒட்டுறுப்பு (பிளாஸ்டிக்) அறுவை சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கல்யாணத்துக்கு முன் தலைமுடி நட்டுக்கொள்ள விரும்பிய பக்கத்து வீட்டுப் பையன், "அத்தை, நீங்களும் ஒரு எட்டு வந்து பாருங்களேன்" என்று கேட்டதால், சென்ற மாதம் எங்கள் ஊரில் உள்ள ஒரு மையத்துக்குத் துணையாகப் போனேன். வாசல் பலகையில் மருத்துவரின் பெயருக்குப் பின் எம்.பி.பி.எஸ்., அதை அடுத்து எனக்குப் பழக்கமில்லாத மூன்று எழுத்துச் சுருக்கங்கள், கீழே கொட்டை எழுத்தில் 'காஸ்மெட்டிக் சர்ஜன்' (அழகியல் அறுவை சிகிச்சை மருத்துவர்) என்று இருந்தன. மருத்துவக் கவுன்சில் தரும் பதிவு எண் மட்டும் பலகையிலும் இல்லை, மருந்துச் சீட்டிலும் இல்லை, பையன் கட்டிய முன்பணத்துக்குத் தந்த ரசீதிலும் இல்லை. கேட்டதற்கு, வரவேற்பில் இருந்த பெண் "வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம் மேடம்" என்றார்.

நம் நாட்டில் ஒருவர், அழகியல் அறுவையும் அடங்கிய பிளாஸ்டிக் அறுவை சிகிச்சையில் நிபுணர் ஆவதற்கு, நான்கரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பையும் ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணியையும் முடித்து, 3 ஆண்டுகள் பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். என்ற மேற்படிப்பு படித்து, அதன்பின் உயர் சிறப்புப் படிப்புகளுக்கான நீட் எஸ்.எஸ். நுழைவுத் தேர்வில் இடம் பெற்று இன்னும் 3 ஆண்டுகள் எம்.சிஎச். என்ற உயர் சிறப்புப் படிப்போ அதற்கு இணையான டி.ஆர்.என்.பி. படிப்போ படிக்க வேண்டும். எங்கும் இடைவெளி விடாமல் படித்தாலே பதினொன்றரை ஆண்டுகள். எம்.பி.பி.எஸ். முடித்து நேரடியாகச் சேரும் 6 ஆண்டு டி.ஆர்.என்.பி. படிப்பும் உண்டு; கூட்டிப் பார்த்தால் கணக்கு அதேதான். பட்டம் பெற்றபின் மாநில மருத்துவக் கவுன்சிலில் அதைக் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்யவும் வேண்டும்.

இத்தனை ஆண்டுகள் எதற்கு என்று கேட்பவர்கள், 'ஃபிளாப்' என்னும் சதை ஒட்டு வைத்த நோயாளியை, அறுவை முடிந்த அன்று இரவு வார்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தொடையிலிருந்து தோலையும் சதையையும் ரத்தக் குழாயோடு எடுத்து, காயம்பட்ட இடத்தில் வைத்து, முடியைவிட மெல்லிய நூலால் நுண்ணோக்கியின் கீழ் குழாயோடு குழாயைத் தைத்திருப்பார்கள். மணிக்கொரு முறை அந்தச் சதையை விரலால் அழுத்திவிட்டு, வெளுத்த இடம் மறுபடி சிவக்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவோம். சிவக்காமல் வெளுத்தே கிடந்தால் உள்ளே வரும் ரத்தம் தடைபட்டிருக்கிறது என்று பொருள். நீலம் பாரித்து, அழுத்திய உடனே சட்டென்று நிறம் திரும்பினால் வெளியேற வேண்டிய ரத்தம் தேங்கியிருக்கிறது. இரவு 2 மணிக்குத் தொலைபேசியில் எழுப்பினாலும் எங்கள் மருத்துவர் முதலில் கேட்பது "என்ன நிறம்?" என்பதுதான். சில மணி நேரம் தாமதித்தாலும் அந்தச் சதை கருகிவிடும். முடி நடுவது இதைவிடச் சிறிய வேலை என்பது உண்மைதான். ஆனால் அங்கும் மயக்க மருந்து உண்டு, ரத்தப்போக்கு உண்டு. 2016-இல் சென்னையில் முடி மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டபின் உயிரிழந்த இளைஞர், மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவர்.

விதிகள் இல்லாமல் இல்லை. பதிவு எண்ணை மருத்துவமனையிலும், மருந்துச் சீட்டிலும், பண ரசீதிலும் காட்ட வேண்டும் என்றும், ஒரு துறையில் சிறப்புத் தகுதி இல்லாதவர் தம்மை அத்துறை நிபுணர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்றும் 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளே கூறுகின்றன. யூடியூபிலோ பயிலரங்கிலோ பார்த்துக் கற்பது முடி மாற்று உள்ளிட்ட அழகியல் சிகிச்சைகளுக்குப் போதுமான பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் அறிவித்தது. (முறையாகப் பயின்ற தோல் மருத்துவர்கள் முடி நடலாம், அதில் எனக்கு மறுப்பில்லை.) ஆனால் பதிவே இல்லாமல் மருத்துவம் பார்ப்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சொல்லும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு பெற்ற எம்.பி.பி.எஸ். மருத்துவர் ஒருவர் 'காஸ்மெட்டிக் சர்ஜன்' என்று பலகை மாட்டுவதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. யாராவது புகார் கொடுத்தால் கவுன்சில் விசாரிக்கலாம், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் இதே குழப்பம் நிலவியதால், 2023 செப்டம்பர் முதல், உரிய அறுவை சிகிச்சைப் பயிற்சி பெற்ற துறை நிபுணர்கள் தவிர வேறு மருத்துவர்கள் 'சர்ஜன்' என்ற பட்டத்தையே பயன்படுத்தக் கூடாது என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

சட்டத் திருத்தம் வரும்போது வரட்டும். தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களுக்குப் பதிவுச் சான்று வழங்கும் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தினர், ஆய்வுக்கு வரும் நாளில் வாசல் பலகையையும் ரசீதுப் புத்தகத்தையும் ஒரு முறை பார்த்து, பதிவு எண்ணும், பதிவான கூடுதல் தகுதியும் அங்கே இல்லை என்றால் சான்றை நிறுத்திவைக்க வேண்டும். மருத்துவக் கவுன்சிலும், துறை வாரியாகப் பெயரைத் தேடிப் பார்க்கும் பதிவேட்டைத் தமிழிலும் தர வேண்டும்.

பையனுக்கு இன்னும் அந்த எண் வரவில்லை. கட்டிய முன்பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறான். அதற்கும் வாட்ஸ்அப்பில்தான் பதில் வருமாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு செவிலியர்,
திருநெல்வேலி