லுவா சோதனைகளுக்கும் வழிவிடுங்கள்: பில்ட் கருவியின் பராமரிப்பாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பராமரிப்பாளர்களுக்கு,

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சிறு குழு மீனவர்களுக்குக் காற்று, அலை எச்சரிக்கை தரும் மென்பொருளை, நிரலைத் தொகுத்துச் சோதிக்கும் உங்கள் பில்ட் கருவியைக் கொண்டு உருவாக்கிவருகிறது. கணக்கீடுகள் சி++ மொழியிலும் எச்சரிக்கை விதிகள் லுவா என்ற எளிய ஸ்கிரிப்ட் மொழியிலும் இருக்கின்றன. எங்கள் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை வீசினால் வடகடல் கொந்தளிக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசினால் தென்கடல். எந்தக் காற்றுக்கு எந்தக் கரையில் படகை நிறுத்த வேண்டும் என்பதை அறிந்தவர்கள் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். சி++ அவர்களுக்குத் தெரியாது. லுவா விதியைப் படித்துத் தாங்களே திருத்துகிறார்கள்.

அந்த விதிகளைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். சோதனைகளை ஓட்டும் உங்கள் இயக்கியோ ஷெல் (கட்டளை வரி மொழி), பைத்தான் இரண்டில் எழுதிய சோதனைகளை மட்டுமே ஏற்கிறது. அதனால் ஒவ்வொரு லுவா சோதனையையும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டுக்குள் வைத்து ஓட்டுகிறோம். ஆபத்து அங்கேதான். லுவா பிழையோடு நின்றால் 1 என்ற முடிவு எண்ணைத் தருகிறது; 0 என்றால்தான் வெற்றி. ஆனால் வெளியீட்டைப் பதிவு செய்வதற்காகப் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் இணைப்பு) வழியாக, அதைக் கோப்பில் எழுதும் 'டீ' கட்டளைக்கு அனுப்பினால், ஷெல் கணக்கில் கொள்வது கடைசிக் கட்டளையின் எண்ணை, அதாவது 0. தோற்ற சோதனை வென்றதாகப் பதிவாகும். 'பைப்ஃபெயில்' அமைப்பு இதைத் தடுக்கும், ஆனால் எல்லா ஷெல்லிலும் அது கிடையாது. கடலுக்குப் போகலாமா என்று சொல்கிற விதி இப்படிப் பொய்யான வெற்றியோடு படகு வரை போய்ச் சேரக்கூடும் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்று லுவா, நாளை ரூபி, அடுத்து வேறொன்று என்று நீளுமே என்ற உங்கள் தயக்கம் நியாயமானது. ஆகவே லுவாவுக்கெனத் தனி ஏற்பாடு கேட்கவில்லை. இந்தப் பெயர் நீட்டிப்புள்ள கோப்புக்கு இந்த இன்டர்பிரட்டர் (நிரலைப் படித்து ஓட்டும் மென்பொருள்) என்று அந்தந்தத் திட்டமே அறிவிக்க இடம் கொடுங்கள். ஆட்டோமேக் என்ற பில்ட் கருவியில் இந்த வசதி இருக்கிறது. முடிவு எண் 77 என்றால் சோதனை தவிர்க்கப்பட்டது, 99 என்றால் கடும் பிழை என்றும் அது பிரித்தறிகிறது. மீசான் என்ற மற்றொரு பில்ட் கருவி, ஒவ்வொரு சோதனையின் முடிவையும் வரி வரியாகச் சொல்லும், பெர்ல் மொழி உலகில் பிறந்த டேப் வடிவ வெளியீட்டையும் படிக்கிறது.

இன்டர்பிரட்டரின் பதிப்பையும் திட்டமே குறிப்பிட முடிய வேண்டும். 10/2 என்பதை அச்சிட்டால் லுவா 5.1 தருவது 5, லுவா 5.3 தருவது 5.0. கணினியில் முதலில் அகப்படும் லுவாவை எடுத்து ஓட்டினால், பாம்பனில் வெல்லும் சோதனை பக்கத்து ஊரான மண்டபத்தில் தோற்கும். கோப்பின் முதல் வரியில் எழுதும் இன்டர்பிரட்டர் பாதையையும் நம்ப முடியாது. விண்டோஸ் அதைப் பொருட்படுத்துவதில்லை.

நிரலையும் அதற்கான சோதனைகளையும் ஆவணத்தையும் நாங்களே எழுதித் தருகிறோம். அந்த அறிவிப்பு எந்தக் கோப்பில், எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாம்பன் குழுவில் ஒருவர்