உருகும் உறைநிலம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பருவநிலை என்றாலே பனிமலை, கடல்மட்டம் என்றுதான் எழுதுகிறோம். ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கும் மண்ணான உறைநிலமும் உருகுகிறது; அதற்கு வடக்கு சுவீடனில் அபிஸ்கோ என்ற ஊருக்கு அருகேயுள்ள ஸ்டோர்டாலென் சதுப்பைக் கவனிக்க வேண்டும். உள்ளிருந்த பனி தாங்கியதால் மேடாக நின்ற நிலம் அங்கே அமிழ்ந்து, தண்ணீர் கட்டி, கோரை முளைக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் கிடந்த பாசியை நுண்ணுயிர்கள் காற்றுப் புகாத சேற்றில் மீத்தேனாக்குகின்றன. கோரைத் தண்டே குழாயாகி அதை வெளியே விடுகிறது. நம் நெல்வயலில் நடப்பதும் இதுதான். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பம் பிடிக்கும் வாயு அது!

உருகும்போது விடுபடும் நைட்ரஜனால் செடிகள் செழிக்கலாம். ஆனால் அந்த நைட்ரஜன் கோடை முடிவில், ஆழத்தில் கிடைப்பதால் ஆழ வேருள்ளவற்றுக்கே பெரும்பாலும் எட்டும். வெளியேறும் வாயுவை ஈடுகட்ட அந்தப் பசுமையை மட்டும் நம்பிவிடக் கூடாது. வடக்கு உறைநில மண்ணிலுள்ள கரிமம், காற்றுமண்டலத்தில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அறிவியல் பக்கத்தில் இதை விரிவாக எழுதுங்கள்.

வாசகர், தஞ்சாவூர்