ஹெட்ஸ்-அப் போக்கர் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹெட்ஸ்-அப் (இருவர் மட்டும் மோதும் போக்கர்) சொல்லித்தரும் பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். புதிதாக வருபவர்களிடம் நீங்கள் விரும்பிச் சொல்லும் கதை 1988 போக்கர் உலகத் தொடரின் கடைசிக் கை. லாஸ் வேகாஸில் ஜானி சானும் எரிக் சைடலும் மட்டும் மிச்சம். சானிடம் ஜாக்கியும் ஒன்பதும், சைடலிடம் ராணியும் ஏழும். ஃபிளாப்பில் (இருவருக்கும் பொதுவாக முதலில் திறக்கும் மூன்று சீட்டு) ராணி, பத்து, எட்டு விழுந்ததுமே சானுக்கு ஸ்ட்ரெயிட், அதாவது வரிசையாக ஐந்து சீட்டு. அவர் பொறுமையாக இருந்தார், ரிவரில் (கடைசியாகத் திறக்கும் ஐந்தாவது பொதுச் சீட்டு) சைடல் ஆல்-இன் போட்டார், அதாவது கையிலிருந்த எல்லாவற்றையும் வைத்தார், பட்டம் சானுக்கு. புலி பதுங்குவது பாய்வதற்குத்தான், அதனால் நல்ல கை வந்தால் செக் செய் (பந்தயம் வைக்காமல் விடு) என்று பாடத்தை முடித்துவிடுகிறீர்கள்.

நானும் அப்படித்தான் கற்றேன். வீட்டில் மச்சானோடு புளியங்கொட்டை வைத்து ஆடுவோம். எனக்கு செட் (கையில் ஜோடி, பொதுச் சீட்டில் அதே மூன்றாவது) அமைந்தால் செக் செய்வேன், அவரும் செக் செய்வார். டர்னிலும் (நான்காவது பொதுச் சீட்டு) அதே கதை. ரிவரில் நான் பெட் (பந்தயம்) போட்டதும் அவர் சீட்டை மடித்துவிடுவார். அரிதாக வந்த கைக்கு ஆறு கொட்டை கிடைக்கும்.

அப்புறம்தான் சானுடைய அந்தக் கையை முழுதாகப் பார்த்தேன். ஃபிளாப்பில் சைடல் செக் செய்ததும் சான் பெட் போடுகிறார். சைடல் ரெய்ஸ் செய்கிறார், அதாவது பெட்டை ஏற்றுகிறார். சான் மறுபடி ஏற்றாமல் கால் மட்டும் செய்கிறார், அதாவது ஈடுகட்டுவதோடு நிறுத்துகிறார். டர்னில் இரண்டு பேரும் செக். அதாவது, அவர் பதுங்கியதே ஃபிளாப்பில் நிறையப் பணம் உள்ளே போன பிறகுதான். இந்தப் பாதியை ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

கணக்கையும் சொல்லித்தாருங்கள். ஃபிளாப்புக்கு முன் பாட் (நடுவில் சேர்ந்த பந்தயப் பணம்) 6 பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் தொகை), ஆளுக்கு நூறு பிளைண்ட் கையில் என்று வையுங்கள். பாட் அளவுக்கு பெட் போட்டு எதிராளி கால் செய்தால் பாட் மூன்று மடங்காகும். ஃபிளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் போட்டால் 18, 54, 162. ஃபிளாப்பில் செக் செய்துவிட்டு மற்ற இரண்டில் மட்டும் போட்டால் 54-ல் நின்றுவிடும். ஒரே ஒரு செக் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிடுகிறது.

"ஹெட்ஸ்-அப்பில் எதிராளியிடம் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, பெட் போட்டால் ஓடிவிடுவான்" என்பீர்கள். உண்மைதான், ஜோடியில்லாத இரண்டு சீட்டுக்கு ஃபிளாப்பில் ஜோடியாவது அமைவது ஏறக்குறைய மூன்றில் ஒரு முறைதான். ஆனால் ஒன்றுமில்லாதவர் நாம் பதுங்கினாலும் பெரிதாகத் தரப்போவதில்லை. பெரிய பாட் வருவது அவரிடமும் ஏதாவது இருக்கும்போது. அப்போது அவர் ஃபிளாப்பிலேயே கால் செய்யத் தயாராக இருக்கிறார். அதுவும் தவிர, பட்டனில் (டீலர் இடத்தில்) இருந்து எல்லாக் கையிலும் பெட் போட்டுக்கொண்டிருப்பவர் திடீரென்று செக் செய்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். மச்சான் என்னைப் பிடித்தது இப்படித்தான்.

பதுங்கவே கூடாது என்று சொல்லவில்லை. ராஜா, ஏழு, இரண்டு என்ற ஃபிளாப்பில் நம் கையில் இரண்டு ராஜா இருந்தால், சீட்டுக்கட்டில் மிச்சம் ஒரே ஒரு ராஜா. கால் செய்ய எதிராளியிடம் ஏற்ற சீட்டு பெரும்பாலும் இருக்காது. அங்கே செக் செய்யலாம். அதே ஃபிளாப்பில் கையில் இரண்டு ஏழு என்றால் மூன்று ராஜா வெளியே இருக்கிறது, பெட் போடத்தான் வேண்டும். இரண்டுமே செட்தான், ஆனால் ஆடும் விதம் வேறு. இதைத்தான் முதல் நாளே சொல்ல வேண்டும். நாம் செக் செய்தாலே பாய்ந்து புளஃப் அடிக்கும் (ஒன்றுமில்லாமலே பெட் போட்டு மிரட்டும்) ஆளிடமும் பதுங்கலாம்.

2015-ல் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட, போக்கர் ஆடும் கணினி நிரலான செஃபியஸையும் சிலர் காட்டுகிறீர்கள். டீலர் இடத்தில் ஏஸ் ஜோடி இருந்தாலும் ஃபிளாப்புக்கு முன் அனுமதிக்கப்பட்ட கடைசி ரெய்ஸை அது போடுவதே அபூர்வம் என்பது சரி. ஆனால் அது ஆடியது பெட் அளவு முன்பே வரையறுக்கப்பட்ட லிமிட் ஆட்டம். அங்கே ஒரு ரெய்ஸை விட்டால் ஒரு பெட்தான் குறையும், பாட் மூன்றில் ஒன்றாகச் சுருங்காது. நோ-லிமிட் (பெட்டுக்கு உச்சவரம்பு இல்லாத ஆட்டம்) கற்க வருபவரிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் செஃபியஸை உதாரணம் காட்டாதீர்கள்.

அடுத்த வகுப்பில் 1988-ஐச் சொல்லும்போது சான் ஃபிளாப்பில் போட்ட பெட்டிலிருந்து தொடங்குங்கள். சைடல் ஏன் ரெய்ஸ் செய்தார், அதன்பின் சான் ஏன் கால் மட்டும் செய்தார் என்று மாணவர்களையே கேளுங்கள்.

அன்புடன்,
உங்களிடம் கற்ற ஓர் ஆட்டக்காரன்