பாய் கட்டுக்கு ஒரு நாற்காலி

ஆசிரியருக்கு வணக்கம்.

பெண்பிள்ளைகளிடையே பாய் கட் மறுபடி வந்திருப்பது பற்றிய உங்கள் ஞாயிறு மலர் கட்டுரையை என் பதினாறு வயது மகளோடு சேர்ந்து படித்தேன். ‘ரோமன் ஹாலிடே’ பார்த்ததிலிருந்து அவளுக்கும் அதே ஆசை. 1953இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். இளவரசியாக வரும் ஆட்ரி ஹெப்பர்ன் ரோம் நகரில் ஒரு முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்து, நீண்ட முடியை வெட்டச் சொல்வார். கடைக்காரர் நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்பார். மகள் அந்த இடத்தை மட்டும் நான்கு தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். எங்கள் காலத்தில் பேபி ஷாலினியைப் பார்த்து பாப் வெட்டிக்கொண்டோம். அது பத்து வயதோடு சரி.

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் இரண்டு சலூன்களில், பெண்களுக்கு வெட்டுவதில்லை என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். பெண்கள் பார்லர் ஒன்றில் பிடரியில் மெஷினை ஓட்டி, சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஆக்கிவிட்டார்கள். வீடு வரும்வரை பிள்ளை பேசவில்லை.

அப்புறம் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் ஒரு பெரியவர்தான் சரிசெய்தார். மெஷினைத் தொடவே இல்லை. சீப்பைப் பிடரியிலிருந்து மேலே ஏற்றி, பல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை மட்டும் கத்தரியால் நறுக்கிக்கொண்டே போனார். “சுருட்டை முடிம்மா, ஈரத்துல அளவு பார்த்து வெட்டினா காய்ஞ்சதும் மேல ஏறிக்கும்” என்று உச்சியில் இரண்டு விரல் நீளம் விட்டுவைத்தார். மகள் கண்ணாடியில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

உறவுக்காரர்கள்தான் விடவில்லை. “பொம்பளப்பிள்ளைக்கு இது என்ன கோலம்?” என்கிறார்கள். இவள் எட்டு வயதில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் முடி இறக்கியவள். ஐந்தாறு மாதத்தில் வளர்ந்து நின்ற முடி, இன்று இருக்கும் இதே நீளம்தான். அன்று அந்தத் தலையைத் தடவிக் கொஞ்சியவர்களும் இவர்கள்தான். வேண்டுதலுக்கு இறக்கலாம், ஆசைப்பட்டு வெட்டிக்கொள்ளக் கூடாதா?

நம் சலூன்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். சீப்பும் கத்தரியுமாக வெட்டும் கை உங்களிடம்தான் இருக்கிறது. பாய் கட்டுக்கு மாதம் ஒருமுறையாவது பிடரியைச் சரிசெய்ய வேண்டும், அதனால் வாடிக்கையும் நிலைக்கும். பெண்பிள்ளைகளுக்கும் வெட்டப்படும் என்று வாசலில் ஒரு வரி எழுதி ஒட்டுங்கள். அடுத்த மாதம் நாங்கள் ஃபெரி ஏற வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஆயிர் ஈத்தாம், பினாங்கு