துணைக்கு வரும் களப்பணியாளரைத் திரும்பத் தரக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்:
காசிமேட்டுவாசி (பெயர், முகவரி மூடிய உறையில்)

பெறுநர்:
உயர்திரு திட்ட அதிகாரி அவர்கள், சென்னை

பொருள்: எச்.ஐ.வி. உறுதியானவர்களை, அதைக் கட்டுப்படுத்தும் மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம்வரை அழைத்துச் செல்லும் பணியாளரை மீண்டும் அமர்த்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏப்ரலிலும் ஜூலையிலும் கொடுத்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை. எங்கள் பகுதி தாங்கள் அறியாததல்ல.

1. முன்பெல்லாம் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் முடிவு தெரிந்ததும் ஓர் அக்கா துணைக்கு வருவார். 2016இல் என்னையும் அவர்தான் கைப்பிடித்து அழைத்துப் போனார். இன்று என் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. செலவு அதிகம் என்று அந்த வேலையை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகச் சொல்லிக் கையில் ஒரு சீட்டு மட்டும்தான் தருகிறார்கள்.

2. துறைமுகத்தில் மீன் விற்கும் என் தோழி அந்தச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு மூன்று தடவை அந்த மையம் இருக்கும் மருத்துவமனைக்குப் போனாள். முதல் தடவை தெருக்காரர் ஒருவர் எதிரே வர, திரும்பிவிட்டாள். அடுத்த தடவை போய்ச் சேர்வதற்குள் ஓ.பி. நேரம் முடிந்துவிட்டது. மூன்றாவது தடவை, எந்தக் கட்டடம் என்று வாட்ச்மேனிடம் கேட்க வாய் வரவில்லை. என்னவென்று சொல்லிக் கேட்பாள், ஐயா? ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் வியாபாரம் போனது. நான்கு மாதம் கழித்து, காசநோயோடு ஸ்ட்ரெச்சரில்தான் உள்ளே போனாள். 19 நாள் வார்டில் கிடந்தாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் பள்ளிக்குப் போகாமல் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தாள்.

3. செலவு என்கிறீர்கள். ஒருவரை அழைத்துப்போக ஷேர் ஆட்டோக் கூலியும் அக்காவுக்கு அரை நாள் சம்பளமும் ஆகும். அந்த 19 நாள் கட்டிலுக்கும் ஊசிக்கும் எக்ஸ்ரேக்கும் அரசு போட்ட பணத்தில் எத்தனை பேரைக் கூட்டிப்போயிருக்கலாம்? ஏ.ஆர்.டி. மாத்திரையை அரசு 2004 முதல் இலவசமாகத் தருகிறது. 2017 முதல், மருந்து தொடங்க ரத்தத்தில் சி.டி.4 என்னும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை குறையும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சீக்கிரம் மருந்து தொடங்கினால் துணைவருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறையும் என்று 2011இல் காட்டிய பன்னாட்டு ஆய்வில் சென்னையும் ஒரு களம். மாத்திரை உள்ளே இருக்கிறது, ஆள் வாசலில் நிற்கிறாள். நடுவில் இருக்கும் பத்தடிக்குத்தான் பணம் இல்லையா? அவள் மருந்தில்லாமல் இருந்த நான்கு மாதத்தில் இன்னொருவருக்குத் தொற்றியிருந்தால், அவருக்கும் ஆயுள் முழுக்க மருந்து தரவேண்டுமே, அது எந்தக் கணக்கில் வரும்?

4. நாட்டிலேயே முதலில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தது 1986இல் இந்தச் சென்னையில்தான். அதே ஊரில் ஒருத்தி மருந்துக்கு வழி கேட்க முடியாமல் வாசலில் நிற்கலாமா?

5. அந்த அக்காவைத் திரும்ப அனுப்புங்கள், ஐயா. அவர் இல்லாவிட்டால் வேறொருவரை அனுப்புங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது அனுப்புங்கள்.

பதிலை மூடிய உறையில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் மாமியாருக்கு எதுவும் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காசிமேட்டுவாசி