குலசைக்கு ராக்கெட் தளம் வந்த காரணம்

அன்புள்ள ராமசாமிக்கு,

உன் கடிதம் வந்தது. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். மூட்டுவலி இப்போது பரவாயில்லை.

குலசேகரப்பட்டினம் பூமத்திய ரேகைக்குப் பக்கம் இருப்பதால்தான் அங்கே ராக்கெட் தளம் வருகிறது என்று ஊரில் பேசிக்கொள்வதாக எழுதியிருந்தாய். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியபோது இங்கேயும் பலர் அதையேதான் சொன்னார்கள். உண்மைக் காரணம் வேறு. அது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், பூமத்திய ரேகையிலிருந்து கிழக்கே கிளம்பும் ராக்கெட்டுக்கு நொடிக்கு 465 மீட்டர் வேகம் இனாமாகக் கிடைக்கிறது. இப்போதைய ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டா 13.7 பாகை (டிகிரி) அட்சரேகையில் இருக்கிறது, அங்கே 452 மீட்டர். குலசை 8.4 பாகை, 460 மீட்டர். எட்டு மீட்டர்தான் கூடுதல். சுற்றுப்பாதையில் நிலைக்க ஏழரை கிலோமீட்டர் வேகம் வேண்டும் என்னும்போது இது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அட்சரேகை பெரிதாகக் கைகொடுப்பது 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு நேர்மேலே நிற்கும் தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்களுக்கு. ஏவுதளம் எத்தனை பாகையில் இருக்கிறதோ, பூமத்திய ரேகைக்கு அதைவிடக் குறைந்த சாய்வில் உள்ள பாதைக்கு நேராக ஏவ முடியாது. பிறகு அந்தச் சாய்வை நிமிர்த்த எரிபொருள் செலவாகும். கஜகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளம் 46 பாகையில் இருக்கிறது. அங்கிருந்து இந்த வகைப் பாதைக்கு இரண்டு டன்கூடத் தூக்க முடியாத ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட், 2011-இல் தென்னமெரிக்காவின் கூரு ஏவுதளத்துக்கு வந்த பிறகு ஏறக்குறைய மூன்று டன் தூக்கியது. கூரு 5 பாகையில் இருக்கிறது.

ஆனால் குலசையிலிருந்து போகப்போவது எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டுகள், அதுவும் முக்கியமாகத் துருவப் பாதைக்கு. பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் வடக்கு தெற்காகத்தான் சுற்றும், சாய்வு 98 பாகைக்குப் பக்கம், அதாவது சற்றே மேற்காக. அங்கே கிழக்கு வேகம் உதவாது. அதை ரத்து செய்யவே எரிபொருள் வேண்டும். அந்தக் கணக்கில் குலசை ஸ்ரீஹரிகோட்டாவைவிட ஒரு துளி மோசம்!

அப்புறம் ஏன் குலசை? இலங்கைதான் காரணம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவினால் ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்கும்; ஏதாவது கோளாறு என்றால் பாகங்கள் மக்கள் தலையில் விழும். அதனால் இஸ்ரோவின் பெரிய ராக்கெட்டான பி.எஸ்.எல்.வி. தென்கிழக்காகக் கிளம்பி, தீவை ஒதுக்கிவிட்டு, பிறகு தெற்கே திரும்புகிறது. ஓடும் வேகத்தில் திருப்புவது என்பது எரிபொருளைக் கொட்டும் வேலை. பி.எஸ்.எல்.வி. அதைத் தாங்கும். 500 கிலோமீட்டர் உயரத்துக்கு 500 கிலோ சுமக்கும் சின்ன ராக்கெட்டுக்கு அந்த வளைவே சுமையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். குலசையிலிருந்து பார், இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடுகிறது, மாலத்தீவு மேற்கே. தெற்கே அண்டார்டிகா வரை ஏறக்குறைய வெறும் கடல்தான்.

ஏறக்குறைய அதே அட்சரேகையில், திருவனந்தபுரத்துக்குப் பக்கம் இருக்கும் தும்பாவை, 1963-இல் முதல் ராக்கெட் கிளம்பிய இடத்தை, தேர்ந்தெடுத்ததும் வேறொரு காரணத்துக்காக. பூமியின் காந்தப்புலத்துக்கான நடுக்கோடு அதன் பக்கமாகப் போகிறது, மேல்வளிமண்டலத்தை ஆராய அது தோதான இடம்.

எனக்குக் கவலை ஒன்றுதான். ராக்கெட்டுக்கு வெறும் கடல், பக்கத்து ஊரான மணப்பாட்டு மீனவர்களுக்கோ அது பிழைப்பு. ஏவும் நாட்களில் படகு இறங்கக் கூடாது என்பார்கள். அந்த நாளின் கூலியை யார் கொடுப்பது என்று இப்போதே பேசி முடித்துவிட வேண்டும். நீ அந்தப் பக்கம் போகும்போது அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
சுந்தரம்